கம்ப்யூட்டருக்கு ஒரு ஜோடிச் செருப்பு

எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது. வீடு மந்திரிக்க வரும் மாதா கோவில் பங்குச் சாமியார்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில், கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில், நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி பல வருடமாகக் கிடந்தது. தெரு மண்ணை ஒருநாளும் மிதிக்காத செருப்பு. கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் அதைக் காலில் மாட்டிக்கொண்டுதான் தொட வேண்டும். வெறுங்காலோடு தொட்டால், டப்பாவின் பின்பக்க இரும்பில் விரல் பட்டதும் சுருக்கென்று ஒன்று ஏறும்.

இரும்பில் கரண்ட் வருகிறது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் செருப்பு. வைத்தியம் பலித்துவிட்டது என்று நானும் என் வீட்டுக்காரரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். வருகிறவர்களிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். "கீழ செருப்பு இருக்கு பாருங்க, போட்டுக்குங்க. இல்லன்னா கடிக்கும்" என்பேன், ஏதோ வளர்ப்பு நாயைப் பற்றிச் சொல்வதுபோல. அவர்களும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார்கள். "எங்க வீட்லயும் அப்படித்தாங்க, பழைய கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்றவர்களும் உண்டு. ஒரே ஒரு ஆள்கூட "இது என்னா கூத்து?" என்று கேட்கவில்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. பிரான்சுக்குப் போகிறவர்கள், அங்கே இருக்கிற மகனோடு சேர்ந்துகொள்ள மனு போடுகிறவர்கள், பென்ஷன் விஷயமாக அலைகிறவர்கள் என்று முதலியார்பேட்டையிலும் சுற்றிலும் இருக்கிற பலரும் தங்கள் பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று, கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவருவார்கள். தமிழில் இருப்பதை பிரெஞ்சில் அடித்துக் கொடுப்பேன். வயதானவர்கள் வாசலிலிருந்தே "போன்ழூர் மதாம்" என்று குரல் கொடுப்பார்கள். இளையவர்கள் "மேடம், இன்னிக்குக் கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கியது. இப்போது அவனுடைய பிள்ளையே பள்ளிக்கூடம் போகிறது. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் திரையில் படம் தெரியும். ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால் யோசிக்கும். மகன் சென்னையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"அம்மா, அத எடைக்குப் போடுங்க. நான் லேப்டாப் வாங்கி அனுப்பறேன்."

"உன் லேப்டாப்புல என் கீபோர்டு சொருகுமாடா?"

சொருகாது. என் கீபோர்டு பிரெஞ்சுக் கீபோர்டு. மற்ற கீபோர்டில் க்யூ இருக்கிற இடத்தில் இதில் ஏ இருக்கும். எழுத்துக்கு மேல் போடுகிற கோடு, தொப்பி, புள்ளி எல்லாம் விரலுக்கடியிலேயே இருக்கும். அதன் வயர் முனையில் வட்டமான பின். இந்தக் காலத்து மெஷின் எதிலும் அதற்கு ஓட்டை இல்லை. என் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற ஒரே இடம் அது. மாற்றுப் பின் கிடைக்கும், புதுக் கீபோர்டு கிடைக்கும் என்று அவன் சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். நன்றாக உழைக்கிற ஒன்றை வயதாகிவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடுவது எனக்குப் பிடிக்காது.

என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். குறை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குழம்பில் புளி தூக்கல், ஃபேனில் சத்தம், பூசையில் பிரசங்கம் நீளம், பக்கத்து வீட்டு மாமரத்தின் இலை நம் பக்கம் விழுகிறது. நாள் முழுக்க இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். அதனால்தான் அவர் ஒருநாள் குளித்துவிட்டு வந்து, "குழாய் கடிக்குது" என்று சொன்னபோதும் நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னா கடிக்குது?"

"பாத்ரூம் குழாய். தொட்டா கை ஜிவ்வுங்குது."

"உங்களுக்கு எதுதான் கடிக்கல?" என்றேன்.

இப்போது படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. கடிக்கிற கம்ப்யூட்டர் கூடத்தில், கடிக்கிற குழாய் பாத்ரூமில். நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி எங்கள் இருவரின் மூளையும் போகவில்லை.

போகாததற்கு ஒரு காரணமும் இருந்தது. அவருக்குச் சர்க்கரை. அவருடைய அண்ணனுக்கும் சர்க்கரை இருந்தது. அண்ணனுக்கு முதலில் விரல் மரத்தது, பிறகு பாதம் மரத்தது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தன் கைகால் மேல் ஒரே பயம். மற்றதையெல்லாம் சத்தமாகக் குறை சொல்கிறவர் இதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கால் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆகவே அவர் குழாய் விஷயத்தை மறுபடியும் சொன்னபோது, நான்தான் சொன்னேன்: "குழாய் எங்கயாவது கடிக்குமா? சக்கரையில நரம்பு அப்படித்தான் பண்ணும். டாக்டர்கிட்ட போலாம் வாங்க." அவர் முகம் செத்துப்போனது. டாக்டரிடம் போனோம். "கை ஜிவ்வுனு இருக்குங்க, மரமரப்பா இருக்குங்க" என்றார். குழாயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அங்கே போய்க் குழாய் கடிக்கிறது என்றால் சிரிப்பார்கள் என்று இருவருக்குமே வெட்கம். பாவம், அந்த டாக்டர் என்ன செய்வார்? சர்க்கரைக்காரர் கை மரமரப்பு என்று வந்தால் நரம்புக்கு மாத்திரை எழுதித்தான் கொடுப்பார். வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். கரண்டுக்கு மாத்திரை கொடுத்த பெண்டாட்டி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகு அவர் குழாயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். மாத்திரை வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் இன்னும் மோசமானது. ஒரு கல்யாணப் பத்திரத்தை அடித்து முடிக்கிற நேரத்தில் திரை நின்றுபோய், எதிரே உட்கார்ந்திருந்தவர் "பரவால்ல மதாம், நாளைக்கு வரேன்" என்று எழுந்து போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போய் விவரம் சொன்னேன். கடைக்காரர் மாடலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், அது இன்னும் உயிரோடவா இருக்கு?"

"நான்கூடத்தான் இன்னும் உயிரோட இருக்கேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ஒழுங்காகச் சொன்னார். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட வேண்டும், ராம் கூட்ட வேண்டும், ஃபேனில் தூசி தட்ட வேண்டும். இது மூன்றும் செய்தால் எழுத்து வேலைக்கு இன்னும் பல வருடம் ஓடும். புதிதாக வாங்குகிற செலவில் கால்வாசிகூட ஆகாது. டப்பாவைக் கொண்டுவந்தால் அவரே மாட்டித் தருவார். நான் மாட்டேன் என்றேன். பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது; ஆட்டோவின் குலுக்கலில் இருக்கிற உயிரும் போய்விடும். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று எஸ்எஸ்டியை மட்டும் வாங்கினேன். ராம் மட்டும் பழையதுதான் பொருந்தும் என்றார். அதற்கு என் வீட்டுக்காரர் வழி கண்டுபிடித்தார். அவர் இருந்த கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியிருந்தார்கள். பழைய சிநேகிதரிடம் சொல்லிவைத்து, சேதராப்பட்டுக்கு பஸ் ஏறிப் போய், இரண்டு ராமைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். குறை சொல்லாமல் அவர் செய்த வேலை அது ஒன்றுதான் என்று கிண்டல் பண்ணினேன்.

டப்பாவைத் திறந்தபோதே முதல் அதிர்ச்சி. உள்ளே ஒரு சின்னத் தலையணைக்குப் போதுமான தூசி. ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே ஒரு பல்லி அப்பளமாகக் காய்ந்திருந்தது. இதை வைத்துக்கொண்டா இந்த மெஷின் ஊர்ச் சனங்களின் கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் உள்ளே இருந்ததையெல்லாம் எஸ்எஸ்டிக்கு மாற்றிக் கொடுத்தார். ஒரு மத்தியானம், செருப்பைப் போட்டுக்கொண்டு, வீடியோவைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன்.

ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அடுப்படிக்குத் திரும்பினேன். நான் வாசற்படியைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து அந்தத் தொடக்க இசை கேட்டது. "அடி ஆத்தே!" என்று கத்திவிட்டேன். நான் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து அவர் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். இருவரும் நின்று அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி அணைத்துப் போட்டுக் காட்டினேன். மறுபடியும் உடனே வந்தது. மகனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். "சரிம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்று பதில் வந்தது.

மிச்சமிருந்தது ராம். அதை ஒரு காலை வேளையில் மாட்ட உட்கார்ந்தேன்.

அன்று பார்த்த வீடியோவில் பேசியவர் ஒரு புத்தி சொன்னார். ராம் மென்மையான சாமான்; நம் உடம்பில் தேங்கியிருக்கிற மின்சாரம் பட்டாலே கெட்டுவிடும். அதனால் பிளக்கைப் பிடுங்காதீர்கள். சுவர் ஸ்விட்சை மட்டும் அணையுங்கள்; அணைத்தாலும் எர்த் கம்பி சேர்ந்தே இருக்கும். வெறுங்காலோடு நின்று, அவ்வப்போது டப்பாவின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கிறது எர்த் வழியாகப் பூமிக்குப் போய்விடும் என்றார். நல்ல புத்திதான், எர்த் இருக்கிற வீட்டுக்கு. சுவர் ஸ்விட்சை அணைத்தேன். பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த நீலச் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினேன். தரை ஈரத் துணியால் துடைத்து அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கையில் ராமை வைத்துக்கொண்டு மறு கையால் இரும்பைத் தொட்டேன்.

முழங்கைவரை உதறியது. ராம் எங்கே பறந்ததோ தெரியாது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டேன். வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் தோளில் துண்டோடு ஓடிவந்தார்.

"என்னாச்சு?"

"ஷாக் அடிச்சிடுச்சு."

"செருப்பு போட்டுக்கலயா?"

"ஸ்விட்சே ஆஃப்ல இருக்குங்க! ஆஃப்ல இருக்கறது எப்படி அடிக்கும்? நான் பொய்யா சொல்றேன்?"

"நான் எங்க உன்ன பொய்யின்னு சொன்னேன்?" என்றார். அந்த 'நான்' கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுந்தது.

குனிந்து ஸ்விட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை அவர் இத்தனை வருடத்தில் தொட்டதே கிடையாது. அது என் சாம்ராஜ்யம். நான் "வேணாங்க, வேணாங்க" என்று கத்துவதற்குள், புறங்கையால் இரும்பை லேசாகத் தட்டிப் பார்த்தார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் பயம் இல்லை. தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்ததுபோல ஒரு முகம்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "குழாய்ல வர்றது இதுதான்."

"என்னா?"

"இதே கடிதான். மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி வந்து, அப்புறம் எலும்புக்குள்ள பூந்துக்கும். இதே."

அது சர்க்கரை நரம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக, அந்த நேரத்திலும் வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது: எனக்குச் சர்க்கரை இல்லை. போன மாதம்தான் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. சர்க்கரை இல்லாத என் கையில் ஏறியது எதுவோ, அதுதான் அவர் கையிலும் ஏறுகிறது.

அவர் தோளில் துண்டு. குளிக்கப் போகிற வேளை. பாத்ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் முட்டிவலிக்காக மகன் வாங்கிக் கொடுத்த கீசர். நான் எப்போதும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவள். நான் குளிக்கும்போது அது ஓடாது. தினமும் காலையில் அவர் அதைப் போட்டுவிட்டு, தண்ணீர் சுட்டதும் அப்படியே ஓடவிட்டபடி குளிப்பார்.

"அங்கயே நில்லுங்க. ஒரு அடி எடுத்து வைக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய் கீசர் ஸ்விட்சை அணைத்தேன். வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, புறங்கையால் கம்ப்யூட்டரைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. வெறும் இரும்பு. மறுபடி போய்க் கீசரைப் போட்டேன். வந்து தட்டினேன். கடித்தது. அவர் அசையாமல் நின்று நான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை டிராயரில் டெஸ்டர் இருந்தது. செருப்போடு பாத்ரூமுக்குள் போய், குழாயின் மூக்கில் அதன் முனையை வைத்தேன். உள்ளே இருந்த சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

தண்ணீர் வருகிற குழாயில் விளக்கு எரிகிறது. தினமும் காலையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அவர் திறக்கிற குழாய். நான் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் வந்து கீசரைப் பிரித்தார். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே இருக்கிற காயிலை அரித்து, வெடிப்பு விட்டிருந்தது. அப்படிக் கசிகிற கரண்ட் எர்த் கம்பி வழியாகப் பூமிக்குப் போயிருக்க வேண்டும். பூமிக்குப் போக வழி இல்லாததால் வீட்டில் எர்த் கம்பி தொடுகிற எல்லா இரும்பிலும் போய் நின்றிருக்கிறது. எர்த் இல்லாத கம்ப்யூட்டர், ஓடும்போது தானாகவே லேசாகக் கடிக்குமாம்; பல வருடமாக நாங்கள் பார்த்தது அது, இன்று அணைந்த பிறகும் அடித்தது கீசர். ஃபிரிட்ஜுக்குப் பெயின்ட் உடம்பு, பிளாஸ்டிக் கைப்பிடி. வாஷிங் மெஷின் முழுக்கப் பிளாஸ்டிக். கையில் படுகிற மாதிரி வெறும் இரும்பாக நின்றது என் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதுவும் பாத்ரூம் குழாயும்.

"எர்த் எங்கங்க போவுது?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

பின்கட்டுக்குப் போனோம். முன்பெல்லாம் சுவரிலிருந்து ஒரு துருப்பிடித்த கம்பி இறங்கி மண்ணுக்குள் போகும். சிமென்ட் தளம் போட்ட பிறகு அது அங்கே இல்லை. சுவரோரம் சுரண்டிப் பார்த்தார். கம்பி வெட்டி மடக்கி, சிமென்டுக்குள் செருகப்பட்டிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மேஸ்திரிகிட்ட சொன்னேன்," என்றார். "துருக் கம்பி கால்ல தட்டுதுன்னு. வெட்டி உள்ள தள்ளிடச் சொன்னேன்."

வீட்டில் எல்லாவற்றையும் குறை சொல்கிற மனுஷன், குறை சொல்லி வெட்டவைத்தது தன் உயிரைக் காக்க வேண்டிய கம்பியை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவர் வினை இவரைக் குழாய் வழியாகத் தேடி வந்திருக்கிறது. கம்பியை வெட்டியவர் ஒருவர், வெட்டியதால் வந்த கரண்டுக்குச் செருப்பு வாங்கிப் போட்டவள் ஒருத்தி. நல்ல ஜோடி.

ராத்திரி மகனிடம் போனில் சொன்னபோது, "நான் அனுப்பின கீசராம்மா?" என்றான். "உப்புத் தண்ணிடா, நீ என்னா பண்ணுவ" என்றேன். அவன் நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னபடி பிளாஸ்டிக் உடம்பு லேப்டாப் ஒன்றை வாங்கி, பழையதை எடைக்குப் போட்டிருந்தால், கூடத்தில் ஒன்றும் கடித்திருக்காது. நான் சுகமாகத் தட்டிக்கொண்டிருந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருநாள் தொப்பென்று சத்தம் கேட்டிருக்கும். சர்க்கரை மயக்கம் என்று நினைத்துக்கொண்டு கதவை உடைத்திருப்போம். ஈரத்தில் கிடக்கிறவரை நானும் போய்த் தொட்டிருப்பேன்.

புது எர்த் அடித்து, கீசருக்குக் காயில் மாற்றி, கசிவு வந்தால் தானாக விழுகிற ஸ்விட்சும் போட்டு முடிய இரண்டொரு நாள் ஆனது. ராமை அலமாரிக்கு அடியிலிருந்து தேடி எடுத்து மாட்டினேன். வெறுங்காலோடு உட்கார்ந்து, இரும்பைக் கட்டிப்பிடித்துக்கூடப் பார்த்துவிட்டேன். அது சாதுவாக இருந்தது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் என் மனசு ஆறவில்லை. மத்தியானம் சாப்பாடு போடும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏங்க, அவ்ளோ கடிச்சிருக்கே. நாந்தான் நம்பல. நீங்க அதத் தொடாம இருந்திருக்கலாம் இல்ல? ஒரு துண்டப் போட்டுத் தொறந்திருக்கலாம். குண்டான்ல புடிச்சு வச்சிட்டுக் குளிச்சிருக்கலாம். தெனம் போயி ஏன் தொட்டீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பில் ஏதாவது குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தொடாம எப்படி?" என்றார். "அண்ணனுக்கு கால எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டேன். ஊசியால குத்தனாலும் ஒண்ணும் தெரிலடான்னான். ஒணர்ச்சி போனாத்தான் எடுப்பாங்க. எனக்குக் குழாயத் தொட்டா ஜிவ்வுனு ஏறும். நீதான நரம்புன்னு சொன்ன. சரி, நரம்பு இன்னும் உயிரோட இருக்கு போலன்னு…" நிறுத்தினார். "தெனம் குளிக்கறதுக்கு முன்னாடி குழாயப் புடிச்சிகிட்டு நிப்பேன்."

"புடிச்சிகிட்டு நிப்பீங்களா?"

"அருள்நிறை மந்திரம் ஒண்ணு சொல்லி முடிக்கிற வரைக்கும். ஒருநாள் கம்மியா இருந்தா பயமாருக்கும். மத்த கையால புடிச்சுப் பாப்பேன். அப்புறம் பழகிடுச்சு. இப்பல்லாம் மூணு மந்திரம்."

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் யாருடைய கல்யாணத்தையோ பிரெஞ்சில் அடித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஈரத் தரையில் வெறுங்காலோடு, கையில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, இந்த மனுஷன் கரண்டைப் பிடித்துக்கொண்டு மாதாவை வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இப்ப குழாயத் தொட்டா ஒண்ணுமே தெரில," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "கரண்டுதான்னு புரியுது. இருந்தாலும் காலைல ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எழுந்து போய் அவர் இடது கையைப் பிடித்தேன். புறங்கைச் சதையை இரண்டு விரலால் பற்றி, என் பலமெல்லாம் சேர்த்துக் கிள்ளினேன்.

"ஐயோ! என்னா பண்ற? வலிக்குது!"

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா, விடு!"

எனக்குக் கண்ணீர் அவர் சோற்றுத் தட்டிலேயே விழுந்துகொண்டிருந்தது. அடுத்து ஒவ்வொரு விரலாகக் கிள்ளிக்கொண்டே போனேன்.